ஆரஞ்சுக் குடைக்குக் கீழே ஓர் ஆறு

பல்லில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது. பல்லக்காவின் முன்னால் வாயைத் திறந்து உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டாக வேண்டும். மெழுகு வெள்ளை, பழுப்பு ஓடிய வெள்ளை, நீலம் தட்டிய வெள்ளை, டீ குடித்துக் குடித்து வந்த வெள்ளை என்று அவள் அடுக்க ஆரம்பித்தால், வாயைப் பிளந்துகொண்டிருக்கும் ஆசாமி பதிலா சொல்ல முடியும்? கண்ணை உருட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான்.

அவள் டாக்டர் இல்லை. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில், ஜன்னலோரமாக மேஜை போட்டு, இல்லாத பல்லுக்கு மாற்றுப் பல் செய்து கொடுப்பவள். மேஜை மேல் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு மின் அடுப்பு, பீங்கான் மாவு டப்பாக்கள், எறும்புக்கு மீசை வரையலாம் போன்ற பிரஷ்கள், சாவிக்கொத்து போல் கோத்து வைத்த, நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பற்கள். டாக்டர் நோயாளியை அனுப்பினால் அவள் முதலில் பல்லைப் பார்க்க மாட்டாள், சட்டையைத்தான் பார்ப்பாள்.

"லிப்ஸ்டிக்கை நல்லாத் துடைங்க. இந்தச் சாம்பல் துணியைக் கழுத்துல போட்டுக்குங்க. இப்படிச் சிவப்பா உடுத்திட்டு வந்தா, அந்த நிறம் பல்லு மேல ஏறும். அப்புறம் நான் ஏமாந்து எதையாவது செஞ்சு குடுப்பேன், நீங்க வெயில்ல போய்ச் சிரிச்சா ஊரே சிரிக்கும்."

ஆனானப்பட்ட பெரிய மனிதர்களெல்லாம் அந்தத் துணியைக் குழந்தைபோல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதுவரை அவள் செய்த பல் ஒன்றுகூட நிறம் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, அதை மறைக்கவும் மாட்டாள்.

வார விடுமுறையில் அவளை வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டாள். பாலத்தைத் தாண்டி, ஆறு அகன்று சதுப்பாகப் பரவிக் கிடக்கும் இடத்தில், முழங்கால் வரை சேற்றோடு நின்றுகொண்டிருப்பாள். ஸ்டாண்டில் ஒரு பலகை, பலகையில் காகிதம், கையில் வாட்டர் கலர் தட்டு. வாரமெல்லாம் வெள்ளையையே பார்த்த கண்ணுக்கு அந்தச் சேறு விருந்து. ஈரச் சேறு ஒரு நிறம், காயும் சேறு ஒரு நிறம், இரண்டுக்கும் நடுவே ஓடும் விளிம்பு ஊதாவும் இல்லை, பழுப்பும் இல்லை. அதைப் பிடித்துவிட்டால் அன்றைக்கு அவளைக் கையில் பிடிக்க முடியாது.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஆசை என்று சும்மா சொல்லக் கூடாது, ஏக்கம். ஆற்றங்கரைப் படகுக் கூடத்தில் ஓவியர்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்ததும், அவர்கள் ஒரு பழைய படகில் ஏறி ஆற்றின் மேல்புறம் போவார்கள். சாலையே இல்லாத இடம். ஆறு அங்கே பத்துக் கிளையாகப் பிரிந்து, நாணலுக்குள் காணாமல் போய், மறுபடி வெளியே வருமாம். ஒரு மாதம் படகிலேயே தங்கி, அதிலிருந்தே வரைவார்கள். பல்லக்கா பாலத்தின் மேல் நின்று, அந்தப் படகு போய் வளைவில் மறைவதை வருடா வருடம் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்று சாப்பாடு இறங்காது.

படகில் புதிதாக ஒருவருக்குத்தான் இடம். அதற்கு ஒரு நாள் குறிப்பார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் கூடத்துக்குக் கீழே கரையில் நின்று வரைய வேண்டும். காலையில் காகிதத்தின் முதுகில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். மாலை மணி அடிப்பதற்குள் படம் உள்ளே போயிருக்க வேண்டும். கரையில் வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கூடத்துக்குள் பிரஷைத் தொடக் கூடாது. ஒருவர் மூன்று தடவைதான் கேட்கலாம்.

பல்லக்கா இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. முதல் வருடம் மழை வந்து படத்தைக் கழுவிக்கொண்டு போயிற்று. இரண்டாவது வருடம் இடது பாதியைக் காலையிலும் வலது பாதியை மாலையிலும் வரைந்து தொலைத்தாள். நாணல்களின் நிழல் பாதிப் படத்தில் இந்தப் பக்கமும், மீதியில் அந்தப் பக்கமும் விழுந்து கிடந்தது. படங்களைத் தேர்ந்தெடுக்கிற அம்மாளுக்குக் கொக்கு என்று பெயர். ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து, யோசிக்கும்போது ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் மேல் வைத்துக்கொள்ளும் பழக்கம். வேறென்ன பெயர் வைப்பார்கள்?

"உங்க படத்துல ரெண்டு சூரியன் இருக்கு. எங்க படகுல ஒருத்தருக்குத்தான் இடம்," என்றாள் கொக்கு அன்று.

இது மூன்றாவது வருடம். இதுவும் போனால் அந்தப் படகை இனி பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் பல்லக்காவின் முகத்தில் பயத்தின் சாயல்கூட இல்லை. டாக்டரிடம் ஒரு மாத லீவு கேட்டு வாங்கிவிட்டாள். முழங்கால் வரை வரும் ரப்பர் ஷூ வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தாள். "இன்னும் எடமே கெடைக்கல, அதுக்குள்ள ஷூவா?" என்று கேட்டவர்களிடம், "கெடைச்சப்புறம் வாங்கினா கால் கடிக்கும், இப்பவே பழக்கிக்கிறேன்," என்றாள்.

சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு தம்பியுடையது. தம்பி என்றால் தலையில் நரை எட்டிப் பார்க்கும் தம்பி. ஐஸ் வண்டி வைத்திருக்கிறான். கூட்டம் கூடும் இடமென்றால் அவனுக்கும் வியாபாரம், அக்காவுக்கும் ஒத்தாசை. ஸ்டாண்டு, பலகை, வண்ணப் பெட்டி, தண்ணீர் கேன், மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் வண்டியின் பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். அக்காவின் சாம்பல் குடையைக் கடைசியாக வைக்கலாமென்று வாசல் கதவில் சாய்த்து வைத்தான். அது அங்கேயே சாய்ந்தபடி இருந்தது. வண்டி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது.

"குடை எங்கடா?"

தம்பி வண்டியைச் சுற்றி வந்தான். கயிற்றுக்கு அடியில் பார்த்தான். ஐஸ் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தான்.

"அதுக்குள்ள குடை எப்படிடா இருக்கும்?"

"ஒரு நம்பிக்கைதான்," என்று அசடு வழிந்தான். "வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வர்றேன் அக்கா."

"நீ போய் வர்றதுக்குள்ள காலை வெளிச்சம் போயிடும். போன வருஷம் பட்டது போதாதா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் காகிதத்தில் நேர் வெயில் விழுந்தால் கண் கூசும், ஒன்றும் வரைய முடியாது. தம்பி உடனே தன் வண்டிக் குடையைக் கழற்றிக்கொண்டு வந்து, அக்காவின் தலைக்கு மேல் நட்டான். நாலு பேர் நிற்கலாம், அவ்வளவு பெரிய ஆரஞ்சு நிறக் குடை.

"குடைன்னா குடைதானே அக்கா," என்றான்.

சாம்பல் துணி இல்லாமல் ஒரு பல்லைக்கூட ஏறிட்டுப் பார்க்காதவள், அந்தக் குடைக்குக் கீழே போய் ஜம்மென்று உட்கார்ந்தாள். அவசரம் அப்படி. எதிரே ஆறு அன்று அப்படி ஒரு அழகு.

வளைவில் தண்ணீர் வற்றி, சேற்றுத் திட்டு பளபளத்தது. நடுவில் நாணல் தீவு. அதற்கு இந்தப் பக்கம், பாதி மூழ்கிய கட்டைக் கம்பம், அதன் மேல் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு ஒரு நீர்க்காகம். பல்லக்கா ஒரு கோடுகூடத் தயங்கிப் போடவில்லை. வானத்தை ஒரே வீச்சில் போட்டாள். சேற்றின் விளிம்பு கேட்ட அந்தப் பெயரில்லாத நிறம் முதல் கலவையிலேயே கிடைத்தது. நிழல்கள் எல்லாம் ஒழுங்காக ஒரே பக்கம் விழுந்தன.

"இன்னைக்கு என்னமோ நீலம் நெறையக் கேக்குது," என்று மட்டும் ஒருமுறை முணுமுணுத்தாள். மேலும் நீலத்தைக் கலந்தாள்.

தம்பி எட்டிப் பார்த்து, "அக்கா, அப்படியே ஆத்தை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு," என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. குடைக்குக் கீழே அப்படித்தான் இருந்தது.

பிற்பகலில் படத்தை முடித்து, காயவிட்டு, பலகையோடு தூக்கிக்கொண்டு படியேறினாள். நேரம் நிறைய இருந்தது. கூடத்துக்குள் வெள்ளைச் சுவர்கள், உயரமான ஜன்னல்கள், சீரான குளிர்ந்த வெளிச்சம். கதவருகே நின்ற கொக்கு படத்தை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். ஒரு காலைத் தூக்கினாள்.

"ஆத்துக்கு உடம்பு சரியில்லையா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பல்லக்கா படத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வானம் கன்றிப்போய் இருந்தது. நாணல் பாசி பிடித்துக் கிடந்தது. சேறெல்லாம் நீலம் பாரித்து, விஷம் குடித்தவன் உதடு மாதிரி இருந்தது. தான் வரைந்த படமே இல்லை என்று சொல்லலாமென்றால் நீர்க்காகம் அவளுடையது, கம்பம் அவளுடையது, ஒவ்வொரு கோடும் அவளுடையது.

"மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு," என்றாள் கொக்கு. கேலி போய்விட்டிருந்தது, குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் பல்லக்காவுக்கு அதிகம் வலித்தது. "கரைக்கு எடுத்துட்டுப் போய் ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க."

பல்லக்கா கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தாள். மடியில் படம். பல்லில் ஏமாறாத கண் ஆற்றில் ஏமாந்துவிட்டதா? இனி அந்தக் கண்ணை நம்பி நாளைக்கு ஒரு பல்லை எப்படிச் செய்வது? அழுகை வந்தது. படகு போனது போனதுதான் என்று தோன்றியது. அதைவிடத் தன் கண் போனதுதான் அவளை ஆட்டி வைத்தது.

அக்கா வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தம்பிக்கு மனசு கேட்கவில்லை. குடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"என்னாச்சு அக்கா? என்ன சொன்னாங்க? நல்லாத்தானே இருக்கு படம்?"

பல்லக்கா குனிந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது! சேறு சேறாக, நாணல் நாணலாக. பலகையைக் குடைக்கு வெளியே நீட்டினாள். விஷம். உள்ளே இழுத்தாள். ஆறு. மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, தம்பியின் கையில் இருந்த அந்த ஆரஞ்சு மலையைப் பார்த்தாள்.

"அடப் பாவி!"

"நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் பாவி. லிப்ஸ்டிக்கைத் துடை, சிவப்புச் சட்டையை மூடுன்னு ஊரையெல்லாம் மெரட்டிட்டு, நான் போய் ஒரு ஆரஞ்சுப் பழத்துக்குள்ள உக்காந்து படம் வரைஞ்சிருக்கேன்!"

தம்பி குடையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "ஓ... வண்டியில இருக்கறப்போ ஐஸ் எல்லாம் தளதளன்னு இருக்கும். வாங்கிட்டு நாலடி போனதும் பசங்க ஏன் ஒரு மாதிரி பாக்குதுங்கன்னு எனக்கு இத்தனை வருஷமாப் புரியல அக்கா."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே, உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. கண் ஏமாறவில்லை. குடை தன் நிறத்தைக் காகிதத்தின் மேல் கொட்டியிருக்கிறது. அந்த ஆரஞ்சுக்கு ஈடுகொடுக்கத்தான் கை தானாகவே நீலத்தை அள்ளிப் போட்டிருக்கிறது. வானத்தில் போட்டது எவ்வளவு நீலமோ, சேற்றிலும் அதே அளவு. நாணலிலும் அதே அளவு.

"இங்க பாரு. எல்லா எடத்துலயும் ஒரே அளவுக்குத்தான் தப்பு நடந்திருக்கு. அப்போ எல்லாத்துக்கும் சேத்து ஒரே மருந்துதான். இந்தக் குடையைப் படத்துக்கு மேலயே பூசிடப் போறேன்."

"குடையைப் பூசறதா?"

"இதே நிறத்துல மெல்லிசா ஒரே ஒரு பூச்சு. மேலேர்ந்து கீழ வரைக்கும்."

தம்பி குடைக் கம்பை இறுக்கிப் பிடித்தான். "சரியா வரலேன்னா?"

"வரலேன்னா ஆரஞ்சு ஐஸ்னு நீயே வித்துடு," என்று எழுந்தாள்.

காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்து இரண்டாக்கினாள். ஒன்றைக் குடைக்குக் கீழே தம்பியின் கையில் கொடுத்து அசையாமல் நிற்கச் சொன்னாள். மற்றதை வெளியே, திறந்த வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, நிறைய தண்ணீரில் மஞ்சளும் துளிச் சிவப்பும் கலந்து பூசினாள். வெளியே இருக்கும் துண்டு, குடைக்குள் இருக்கும் வெள்ளைத் துண்டு மாதிரியே தெரிய வேண்டும். முதல் பூச்சு மஞ்சள் தூக்கலாக இருந்தது. அடுத்தது சிவப்பு. இன்னும் தண்ணீர், இன்னும் ஒரு முனைச் சிவப்பு. வருடக்கணக்காக ஜன்னலோரத்தில் செய்கிற அதே வேலை. பக்கத்தில் பல் இல்லை, அவ்வளவுதான். கடைசியில் இரண்டு துண்டுகளும் ஒட்டிப் பிறந்தவை போல் ஆயின.

படம் அடி வரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி வண்ணம் கரைந்து சேறோடு சேறாகிவிடும். தம்பி ஐஸ் பெட்டியின் மூடியை எடுத்து, கை ஓயும் வரை விசிறினான். அவள் புறங்கையைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சி இல்லை, காய்ந்துவிட்டது. பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். அகலப் பிரஷை முக்கி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

மேல் ஓரத்தில் இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு. கீழே ஈரம் ஒரு மணிமாலையாகத் திரண்டு நின்றது. அதைத் தொட்டு அடுத்த இழுப்பு. திரும்பிப் போகக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் கோடு விழுந்துவிடும். வானம் தாண்டியது. நாணல் தீவுக்கு வந்தபோது, சதுப்புக் கொசு ஒன்று சாவகாசமாக வந்து அவள் முழங்கையில் உட்கார்ந்தது. தம்பி பார்த்துவிட்டான். அடித்தால் கை ஆடும். அடிக்காவிட்டால் அது கடிக்கும். அவன் மண்டியிட்டு, முழங்கைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், குழந்தைக்குப் பால் ஆற்றுவது போல மெதுவாக ஊதினான். கொசு நகர்ந்து அவன் மூக்கில் உட்கார்ந்து கடித்தது. அவன் அசையவில்லை. பிரஷ் சேற்றைத் தாண்டி, கீழ் ஓரத்தைத் தொட்டு நின்றது.

அப்புறம்தான் தம்பி தன் மூக்கில் ஓங்கி ஒன்று வைத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். திறந்த வெளிச்சத்தில், குடை இல்லாமல், ஆறு மெல்ல உடம்பு தேறி எழுந்து உட்கார்ந்தது. சேற்றுக்கு ரத்தம் ஓடியது. நாணலின் பாசி போய்ப் பச்சை வந்தது. வானத்தில் இளஞ்சூடு. பல்லக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை, கையில் பிரஷ் இருந்தது.

மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் படம் கூடத்துக்குள் போனது. கொக்கு அதைப் பார்த்ததும் முகம் கறுத்தாள்.

"இது அந்தப் படம் இல்லையே. வீட்டுல வரைஞ்சு வெச்சதைக் கொண்டு வந்தீங்களா?"

பல்லக்கா பலகையிலிருந்து காகிதத்தை எடுத்து, திருப்பிக் காட்டினாள். காலையில் குத்திய முத்திரை.

"அதே படம்தான் மேடம். நான் ஆரஞ்சுக் குடைக்குக் கீழ உக்காந்து வரைஞ்சுட்டேன். எல்லாமே நீலமாப் போச்சு. எங்க தொட்டாலும் ஒரே அளவு நீலம். அதனால குடையோட நிறத்தைக் கலந்து மேல ஒரு பூச்சு குடுத்தேன்." சொன்னதில் வெட்கமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"ஒரே பூச்சா? முழுப் படத்துக்கும்?"

"ஒரே பூச்சு."

"கை நடுங்கலியா?"

"பல்லுக்குக் கடைசிப் பூச்சு தெனமும் போடறேன். கை நடுங்கினா யாரோ ஒருத்தர் வாழ்நாள் பூரா வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கணும்."

கொக்கு படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கிய நிலையில் அவள் அவ்வளவு நேரம் நின்று யாரும் பார்த்ததில்லை.

"கண்ணு கொஞ்சம் பிசகியிருந்தாலும் ஒரு எடத்துல அதிகம், ஒரு எடத்துல கொறைச்சல்னு இருந்திருக்கும். ஒரே பூச்சுல இது சரியாகியிருக்காது," என்றாள் கடைசியில். பிறகு காலைக் கீழே வைத்தாள். "எங்க படகுல சாம்பல் குடைதான். அந்த ஆரஞ்சை உள்ள விட மாட்டேன். உங்க தம்பிகிட்ட இப்பவே சொல்லிடுங்க."

பல்லக்கா படிகளில் இறங்கவில்லை, பறந்தாள். தம்பி அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, அங்கிருந்த குழந்தைகளுக்கெல்லாம் ஐஸை வாரிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

படகு கிளம்பிய காலையில், மற்ற எல்லோரும் முன்பக்கம் போய், வரப்போகும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பல்லக்கா மட்டும் பின்பக்கம் வந்தாள். கரையில் தம்பி நின்றான். கையை ஆட்டினால் தெரியாதென்று, வண்டிக் குடையைக் கழற்றி, தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். படகு நகர நகர அவன் மறைந்தான், வண்டி மறைந்தது, குடை மட்டும் தெரிந்தது.

அவள் சின்னக் காகிதம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவசரமாக வரைந்தாள். தண்ணீர், கரை, பாலம். குடைக்கு நிறம் கலக்கலாமென்று தட்டைத் திறந்தாள். கலக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு மிஞ்சியது ஒரு குழியில் அப்படியே காய்ந்து ஒட்டிக் கிடந்தது. பிரஷை நனைத்து அதைத் தொட்டு, கரை மேல் ஒரு பொட்டு வைத்தாள். படகு வளைவில் திரும்பியது. அவள் எழுந்து முன்பக்கம் போனாள்.